மேனேஜர் குரைப்பதை நிறுத்தினான்

பிறந்த குட்டி மூச்சு விடவில்லையென்றால் முதலில் செய்ய வேண்டியது பதறாமல் இருப்பது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் பதறவில்லை. நான்காவது குட்டி என் உள்ளங்கையில் நனைந்த கரித்துண்டு போலக் கிடந்தது. மேலே மூடியிருந்த சவ்வை விரலால் கிழித்தேன். தலையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ரப்பர் குமிழை எடுத்தேன். பல்செட் செய்யும்போது அச்சில் தங்கும் தூளை ஊதித் தள்ளுவதற்காக நான் வைத்திருக்கிற சின்னக் குமிழ் அது. அழுத்திப் பிடித்து மூக்கில் வைத்து விட்டால் சளியை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியது. மூச்சு மட்டும் வரவில்லை.

"போயிடுச்சாங்க?" என்றாள் மனைவி.

"இல்ல. காஞ்ச துண்டு ஒண்ணு குடு."

தேய்த்தேன். முதுகு, விலா, மறுபடி முதுகு. கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் பெட்டிக்குள் படுத்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் என்பது தாய் நாயின் பெயர்.

கதவருகே மகள் வந்து நின்றாள். "அப்பா, மேனேஜர் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கான்."

மேனேஜர் என்பது தகப்பன்.

"தொடச்சு விடும்மா."

"மாமா எங்கப்பா?"

"பஸ்ஸுக்குப் போயிருப்பாரு. கதவைச் சாத்து, காத்து அடிக்குது."

"ஒரு வழியா கொரைக்கிறதை நிறுத்தினானே மகராசன்," என்றாள் மனைவி, குட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "காதே கிழிஞ்சுபோச்சு."

வெகுநேரம் தேய்த்தேன். மணிக்கட்டு மரத்துப்போனது. விட்டுடுங்க, பாவம் போகட்டும் என்று மனைவி சொன்னாள். நான் விடவில்லை. கடைசியில் அந்தத் துளி வாய் திறந்தது. எண்ணெய் காணாத கீல் போல ஒரு சத்தம் வந்தது. நான் அழுதுவிட்டேன். என் மனைவி உங்களிடம் அதைச் சொல்லியிருப்பாள். உண்மைதான்.

அதே நேரத்தில் அவளுடைய தம்பி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மூடிப்போன அச்சகத்தின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தான். அதையும் சொல்லியிருப்பாள்.

நான் அவனைத் தள்ளவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார். தொட்டியை மூடியிருந்த இரும்புத் தகடு துருப்பிடித்து இற்றுப்போனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கம் போகாதே என்று மகளுக்கு நான் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். மச்சினன் யார் சொல்லி எதைக் கேட்டான்? அன்றைக்குப் புல் வளர்ந்து தகட்டை மறைத்திருந்தது. கால் வைத்திருக்கிறான், போயிருக்கிறான். அதில் என் கை இல்லை. முதல் நாள் நான் உங்களிடம் சொன்னதில் ஒரே ஓர் இடம்தான் தவறு. அதைத் திருத்தத்தான் இன்றைக்கு உங்களைப் பார்க்கக் கேட்டேன். அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் நாய்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

எங்கள் வீட்டில் இருப்பவை எல்க்ஹவுண்ட். குளிர் நாட்டுக் காட்டு வேட்டை நாய். சாம்பல் நிறம், கழுத்தைச் சுற்றி மஃப்ளர் போட்டது மாதிரி முடி, முதுகின் மேல் சுருட்டி வைத்த வால். குட்டிகள் கரிக்கறுப்பாகத்தான் பிறக்கும். போகப் போகத்தான் சாம்பல் பூக்கும். இந்த ஜோடியைக் கொண்டுவந்தது மச்சினன். லிஃப்ட் மெக்கானிக் அவன். ஊர் ஊராகப் போகிற வேலை. ஓர் ஊரில் ஆணையும் வேறோர் ஊரில் பெண்ணையும் வாங்கி, இரண்டு அட்டைப்பெட்டிகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, உனக்கு ரெண்டு புள்ளைங்க. அத்தானுக்கு ரெண்டு தலைவலி."

பெயர் வைத்ததும் அவன்தான். ஆண் குட்டி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, வருகிற போகிறவர்களையெல்லாம் அதட்டியது, அதனால் மேனேஜர். பெண் குட்டி ஒன்றும் பேசாமல் ஒரு பார்வை பார்க்கும், அதனால் டீச்சர். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். என்னிடம் யாரும் ஒரு பெயர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு வைத்திருந்தேன். அது போகட்டும்.

மச்சினன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். வளர்த்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். இந்த ஜாதிக்கு இரண்டு அடுக்கு முடி. உள்முடி பஞ்சு மாதிரி உதிரும். சோபா, சாப்பாட்டுத் தட்டு, நான் செய்கிற பல்செட்டின் மெழுகு வரை அந்தப் பஞ்சு வந்து ஒட்டும். தினம் சீவிவிட்டது நான். மேனேஜருக்குக் காதில் சீழ் வைத்தபோது மருந்து ஊற்றி, அவன் தலையை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். இரண்டும் கண்டதைத் தின்று பெருத்துவிடுகிற ஜாதி; அளவு பார்த்துச் சோறு வைத்தது நான். டீச்சருக்கு முதல் பருவம் வந்தபோது ஜோடி சேர்க்காமல் பிரித்து வைத்து, உடம்பு முற்றட்டும் என்று காத்திருந்தது நான். பிரசவப் பெட்டியைச் செய்ததும் நான்தான். உள்பக்கம் நாலு சுவரிலும் ஒரு கட்டை ஓடும். தாய் திரும்பிப் படுக்கும்போது குட்டி சுவரோடு நசுங்காமல் அந்தக் கட்டைக்கு அடியில் தப்பித்துக்கொள்ளும். அப்படியெல்லாம் யோசிக்கிறவன் நான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் மச்சினனின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும். மேனேஜர் நான் பிடித்திருக்கிற சீப்போடு பிய்த்துக்கொண்டு ஓடுவான். அவன் மட்டுமா? சமையலறையிலிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். மகள் மாடிப்படியில் குதித்து இறங்குவாள். நான் வேலை முடிந்து வரும்போது கதவைத் திறக்கிறவர்கள் "சாவி எடுத்துட்டுப் போகலையா?" என்று கேட்பார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

"அத்தான் ஊருக்கெல்லாம் பல்லு செய்யறாரு," என்பான் சாப்பிடும்போது. "தனக்குன்னு ஒரு சிரிப்பு செஞ்சுக்க மாட்டேங்கறாரே அக்கா."

மனைவிக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. நல்ல நகைச்சுவைதான். ஆனால் ஒரே நகைச்சுவையை எத்தனை ஞாயிறு சொல்வது?

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். இதுதான் முக்கியம்.

எல்க் என்பது குதிரை உயரத்துக்கு இருக்கிற மான். அதை ஒரு நாய் கடித்துக் கொல்ல முடியாது. அதனால் இந்த நாய் கடிக்காது. காட்டில் தேடிக் கண்டுபிடித்து, எட்டி நின்று, விடாமல் குரைக்கும். மான் பயந்து நின்றுவிடும். மைலுக்கு அப்பால் இருக்கிற வேட்டைக்காரன் அந்தக் குரைப்பை வைத்து வந்து சேருவான். அவன் வரும்வரை நாய் நகராது, நிறுத்தாது. பசி, மழை, இருட்டு எதுவும் அதற்குக் கணக்கில்லை. ரத்தத்தில் ஊறியது.

மச்சினன் அதை வீட்டு விளையாட்டாக மாற்றினான். அச்சக வளாகத்தைச் சுற்றிச் சுவர் இருக்கிறது. எங்கள் பின்கேட் வழியாக உள்ளே போகலாம். ஒருவர் போய் ஒளிந்துகொள்வார். மேனேஜரை அவிழ்த்துவிடுவார்கள். அவன் கண்டுபிடித்து எதிரில் நின்று குரைப்பான். ஒளிந்தவர் அசையக் கூடாது, பேசக் கூடாது, அவனைத் தொடவும் கூடாது. மூன்றாவது ஆள் ஒருவர் தேடி வந்து, மேனேஜரின் நெஞ்சில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, உலர்ந்த ஈரல் துண்டு ஒன்று கொடுக்க வேண்டும். அப்போதுதான் நிறுத்துவான். ஈரல் துண்டை மட்டும் கொடுத்தால் நிறுத்தமாட்டான். அதட்டினாலும் நிறுத்தமாட்டான். நெஞ்சில் இரண்டு தட்டு, பிறகு ஈரல். ஈரலை அடுப்பில் உலர்த்தி, பொடிப்பொடியாக நறுக்கி, பல்செட் போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வைத்தது யார் என்று கேட்க வேண்டாம்.

ஒருமுறை மச்சினன் பழைய அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். விருந்தாளி யாரோ வந்துவிட, நாங்கள் மறந்துபோனோம். மேனேஜர் தொண்டை கட்டிக் கரகரத்துப் போகும்வரை குரைத்திருக்கிறான். கடைசியில் மனைவி ஓடிப்போய் நெஞ்சைத் தட்டினாள். மச்சினன் வெளியே வந்து, "அக்கா, நீ வராம இருந்திருந்தா இவன் என் கருமாதி வரைக்கும் கொரைச்சிருப்பான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது ஆள் வராமல் மேனேஜர் நிறுத்தமாட்டான் என்று அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. என் மனைவிக்கு மிக நன்றாகத் தெரிந்தது.

இனி அந்த ஞாயிறு.

காலையிலிருந்தே டீச்சர் சாப்பிடவில்லை. உடம்புச் சூடு இறங்கியிருந்தது. அன்றைக்கே குட்டி போடுவாள் என்பதற்கு அதுதான் அடையாளம். நான் பெட்டியில் துணி விரித்து, நூல், கத்தரி, துண்டுகள் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். மச்சினன் ஏற்கெனவே பாதி சாப்பாட்டில் இருந்தான்.

"அத்தான், ஒரு நல்ல சேதி. எனக்கு வேலை மாத்தம். வடக்கே, மலைப்பக்கம். புது ஆஸ்பத்திரி, ஏகப்பட்ட லிஃப்ட். வீடும் தர்றாங்க, தோட்டத்தோட."

"சந்தோஷம்," என்றேன்.

"அதான், மேனேஜரை நான் கூட்டிட்டுப் போயிடலாம்னு பார்க்கறேன். குளிர் ஊரு. அவனுக்குத் தோதா இருக்கும். குட்டிங்களையும் பிரெண்ட்ஸ்கிட்ட சொல்லி வச்சிட்டேன், ஆளுக்கு ஒண்ணுன்னு. உங்களுக்கு டீச்சர் போதுமே. ஒத்த நாய்னா வேலையும் கம்மி."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஜோடியைப் பிரிக்கக் கூடாது என்று சொன்னேன். குட்டிகள் இன்னும் பிறக்கவே இல்லை என்றும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, மனைவியைக் கேளுங்கள்.

"அவன் உங்ககிட்ட இருக்கான், அவ்வளவுதான் அத்தான். உங்க நாயா இருந்தா நான் கூப்பிட்டா வருவானா?" என்று சிரித்துவிட்டு, மேசைக்கு அடியில் விரலைச் சொடுக்கினான். என் காலடியில் படுத்திருந்த மேனேஜர் எழுந்து அவன் பக்கம் போய்ப் படுத்தான்.

மகள் கைதட்டினாள்.

"அவன் சொல்றதும் சரிதாங்க," என்றாள் மனைவி. "உங்களுக்கும் வயசாகுது. வீடும் கொஞ்சம் சுத்தமா இருக்கும்."

நான் கை கழுவிவிட்டு டீச்சரைப் பார்க்கப் போனேன்.

மச்சினன் தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மேனேஜரைக் கொஞ்சம் ஓடவிட்டு, பின்கேட்டில் விட்டுவிட்டு, அப்படியே பஸ் ஸ்டாப்புக்குப் போவது அவன் வழக்கம். வளாகத்தின் அந்தப் பக்கச் சுவரில் ஒரு சந்து உண்டு. அதில் நுழைந்தால் ரோடு. மழை தூறத் தொடங்கியிருந்தது. நான் ஜன்னலில் பார்க்கும்போது இரண்டு பேரும் புல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு நாற்பது நெருங்குகிறது. பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஓடினான்.

முதல் குட்டி சீக்கிரம் வந்தது. இரண்டாவது அதன் பின்னாலேயே. மூன்றாவது குட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குரைப்புச் சத்தம் கேட்டது.

எல்லா நாய்க்கும் குரைப்பு ஒன்றுதான் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. தெரியாத ஆளைப் பார்த்தால் ஒரு மாதிரி, பூனையைப் பார்த்தால் வேறு மாதிரி. இது மூன்றாவது விதம். ஒரே அளவில், ஒரே இடைவெளியில், ஒரே இடத்திலிருந்து, ஆணி அடிப்பதுபோல வரும். கண்டுபிடித்துவிட்டேன், வா என்று அர்த்தம்.

"மாமா ஒளிஞ்சிருக்காரு!" என்றாள் மகள். "யாராவது வரணும்னு மேனேஜர் கூப்பிடறான். நான் போகட்டுமாப்பா?"

"மழையில வேண்டாம்."

"இந்த நேரத்துல என்ன வெளையாட்டு இவனுக்கு," என்றாள் மனைவி. "பஸ்ஸுக்கு நேரமாகலையா?"

"அது கொரைக்கிற ஜாதி. கொஞ்ச நேரம் கொரைச்சு ஓயட்டும்," என்றேன். "நீ குட்டியைப் பாரு."

மழை வலுத்தது. ஜன்னலைச் சாத்தினேன். காற்று பிரசவப் பெட்டிக்கு ஆகாது. அப்படியும் குரைப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. டீச்சருக்கு நாலாவது குட்டி வரத் தாமதமாயிற்று. தாமதமாக வருகிற குட்டிக்கு மூச்சுத் திணறல் இருக்கும், குமிழ் வேண்டியிருக்கும், பட்டறையில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். என் பட்டறை வீட்டின் கடைசி அறை. அதற்கு அப்புறம் கொல்லை, அதற்கு அப்புறம் பின்கேட்.

முதல் நாள் உங்களிடம் நான் சொன்னது இது: குமிழைத் தேடிக்கொண்டிருந்தேன், அப்போது குரைப்பு தானாக நின்றது, கேட்டைத் திறந்தால் மேனேஜர் நனைந்துபோய் நின்றான், மச்சினன் வழக்கம்போல விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்து உள்ளே கூட்டி வந்தேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

மச்சினன் போனை எடுக்கவில்லை என்று மனைவி கவலைப்பட்டபோது, புது இடம் பார்க்க மலைப்பக்கம் போயிருப்பான், அங்கே சிக்னல் கிடைக்காது என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே. மேனேஜர் சாப்பிடாமல் பின்கேட்டைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். கேட்டைப் பூட்டி வைத்தேன். குட்டி போட்ட வீட்டில் ஆண் நாய் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் விளக்கினேன். மகளுக்கு மனசு கேட்கவில்லை. நான் வேலைக்குப் போயிருந்தபோது சாவியை எடுத்துத் திறந்துவிட்டிருக்கிறாள்.

மேனேஜர் நேராகத் தொட்டிக்குப் போய், நின்று, குரைத்திருக்கிறான். விளையாட்டில் சொல்லிக்கொடுத்தபடியே மகள் ஈரல் துண்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நெஞ்சைத் தட்டியிருக்கிறாள். அவன் நிறுத்தியிருக்கிறான். அப்புறம், கண்டுபிடிக்கப்பட்ட ஆள் யார் என்று பார்க்க எட்டிப் பார்த்திருக்கிறாள்.

அது நடந்திருக்கக் கூடாது. சின்னக் குழந்தை. சாவியை அவள் கைக்கு எட்டும்படி வைத்தது மனைவியின் கவனக்குறைவு. நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவள் இருந்த நிலையில் சொல்வது நன்றாக இருக்காது.

நீங்களெல்லாம் வந்து போன பிறகு, மனைவி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஈரல் டப்பாவை மேசைமேல் வைத்தாள். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"தம்பி உள்ள கெடந்தான்," என்றாள். "அவனால மேனேஜரைத் தொட முடியாது."

"ஆமா."

"நானும் பாப்பாவும் டீச்சர்கிட்ட இருந்தோம்."

"ஆமா."

"அப்ப மேனேஜர் நெஞ்சைத் தட்டினது யாரு?"

மழையில் களைத்துப்போய் அவனே நிறுத்தியிருப்பான் என்றேன்.

"அவன் நிறுத்தமாட்டான்," என்றாள். "நிறுத்தமாட்டான்னு உனக்குத் தெரியும்."

கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் 'நீ' என்று சொன்னதில்லை. நான் எழுந்து குட்டிகளைப் பார்க்கப் போனேன். அவள் உங்களைப் பார்க்க வந்தாள்.

நீங்களும் அதையேதான் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். நாயைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஊரில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அவ்வளவு நன்றாக அந்த நாயைப் பழக்கியிருந்தோம். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் ஒளிக்க வேண்டாம் என்று தோன்றியது. திருத்த வேண்டிய இடம் இதுதான்: குமிழ் பட்டறையில் இல்லை. காலையிலிருந்தே என் சட்டைப் பையில் இருந்தது. ஈரல் டப்பாவும்.

கேட்டைத் திறந்து போனேன். மேனேஜர் தொட்டி ஓரத்தில் நின்றிருந்தான். முடியெல்லாம் உடம்போடு ஒட்டி, பாதி நாயாகத் தெரிந்தான். வால் மட்டும் சுருண்டபடியே இருந்தது. என்னைப் பார்த்துவிட்டும் குரைத்தான். தட்டு விழுந்தால்தானே நிறுத்துவான்.

எட்டிப் பார்த்தேன். மச்சினன் ஒரு காலில் நின்று, சுவரில் இருந்த குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான். இடுப்புவரை தண்ணீர். அச்சகக் கூரையில் விழுகிற மழையெல்லாம் இன்னொரு குழாய் வழியாக அதற்குள்தான் விழும், விழுந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"வந்துட்டீங்களா அத்தான். நீங்கதான் வருவீங்கன்னு தெரியும். கால் முறிஞ்சிடுச்சு போல. போனும் தண்ணியில போச்சு."

நான் மேனேஜரைப் பார்த்தேன்.

"பயலைப் பாருங்க, ஒரு நிமிஷம் நகரலை. நல்லா வளர்த்திருக்கீங்க அத்தான். சும்மா சொல்லக் கூடாது."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இதைச் சொல்லியிருக்கலாம்.

"பட்டறைச் சுவத்துல ஏணி சாத்தியிருக்குமே, அதை எடுத்துட்டு வாங்க. அக்காகிட்ட இப்பச் சொல்லாதீங்க, பயந்துடுவா."

"சரி," என்றேன்.

குனிந்து மேனேஜரின் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினேன். ஈரல் துண்டைக் கொடுத்தேன். அவன் குரைப்பதை நிறுத்தினான். கழுத்து வாரைப் பிடித்துக் கேட்டுக்குள் கூட்டி வந்து தாழ்ப்பாள் போட்டேன். ஏணி இருந்த இடத்தைத் தாண்டித்தான் பட்டறைக்குள் வர வேண்டும், தாண்டி வந்தேன். நாலாவது குட்டி வருகிற நேரம். ஓர் உயிர் அங்கே என்னை நம்பிக் காத்திருந்தது.

ராத்திரி மழை எவ்வளவு பெய்தது என்று எனக்குத் தெரியாது. அவன் அன்றைக்குச் சாயங்காலம்வரை உயிரோடு இருந்திருக்கிறான் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். நான் மறுபடி போய்ப் பார்க்கவில்லை.

என்னை உள்ளே வைத்த பிறகு மேனேஜர் எப்படி இருக்கிறான் என்று யாராவது விசாரித்துச் சொன்னால் நல்லது. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவன் என் கையால் எதையும் வாங்கித் தின்பதில்லை. நான் அறைக்குள் வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறான். வீட்டில் நடந்த குழப்பத்தில் நாய் மிரண்டிருக்கிறது, வேறொன்றுமில்லை. அவன் விசுவாசத்தை நான் சந்தேகப்படவே மாட்டேன். அன்றைக்கு மச்சினன் பள்ளத்துக்குள்ளிருந்து பெயர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டும், மேனேஜர் என்னோடுதான் வந்தான் சார். கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.